சுருளிப்பட்டி மொட்டைமாடியில் ஒரு ஸ்டாண்ட்-அப்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்பத்தில் ஆம்னி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர். ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்கு முதுகில் லேப்டாப் பை, கையில் அம்மா திணித்த பன்னீர் திராட்சை. அந்தத் திராட்சை சென்னை வரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை. தோல் மெலிசு. செங்கல்பட்டு தாண்டும்போது பையின் அடியில் ஊதாவாகக் கசிந்திருக்கும். வேண்டாம் என்றால் வீட்டில் முகம் வாடும் என்பதால் எல்லோரும் வாங்கிக்கொண்டுதான் போவோம். வேலையில் என்ன நடக்கிறது என்று வீட்டில் வாயைத் திறக்காமல் இருப்பதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான்.

நானும் நாலு வருஷம் அந்த பஸ்ஸில் போனவன். ஊர் சுருளிப்பட்டி. அருவிக்குப் போகிற வழியில் கல்தூண் ஊன்றிக் கம்பிப் பந்தல் போட்ட திராட்சைத் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த ஊர். வேலை சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில். வத்தலக்குண்டு தாண்டும்போதே வயிற்றைப் பிசையும். காரணம் திங்கட்கிழமை காலை பத்து மணி ஸ்டாண்ட்-அப்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். குழுவில் இருக்கிற எல்லோரும் தினமும் கால்மணி நேரம் கூடி மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், ஏதாவது தடை உண்டா. மூன்றாவது கேள்விக்கு ‘நோ பிளாக்கர்ஸ்’ என்று சொன்னால் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். முதல் எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட நான் வேறு பதில் சொன்னதில்லை. அந்த எட்டு மாதமும் எனக்குத் தடைதான். ஒரு வங்கிக்காக யாரோ எப்போதோ எழுதிய ஜாவா நிரல், எழுதியவர்களில் ஒருத்தர்கூட அங்கே இல்லை. கே.டி. (வேலையைக் கைமாற்றிச் சொல்லித்தருவது) என்று ஆறு வீடியோ கொடுத்தார்கள், அதில் இரண்டில் சத்தம் வராது. ராத்திரி ஒரு மணிக்கு பெருங்குடி பி.ஜி.யின் மாடிப்படியில் உட்கார்ந்து, அறைத்தோழன் எழுந்துவிடக் கூடாதே என்று திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, லாக் கோப்பை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருப்பேன். காலையில் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, ‘நோ பிளாக்கர்ஸ்’.

பர்ன் அவுட் என்ற சொல் அப்போது எனக்குத் தெரியும். ஆனால் அது மேலே இருக்கிறவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். பதினைந்து வருஷம் உழைத்த மேனேஜருக்கு வரலாம். எட்டு மாதத்துப் பயலுக்கு எரிந்துபோக என்ன இருக்கிறது?

அந்தச் சொல்லை 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பாக வைத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். அவர் பார்த்தது கம்பெனி அதிகாரிகளை அல்ல. இலவச மருத்துவமனைகளில் ஆர்வத்தோடு வந்து வேலை செய்தவர்களை. ஆர்வமாக வந்தவர்கள்தான் முதலில் அணைந்துபோனார்கள். பிறகு 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற இரண்டு பேர் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் உண்டாக்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பில் இதைச் சேர்த்தபோது இது ஒரு நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தைச் சார்ந்த நிகழ்வு என்றது. மூன்று அடையாளம் சொன்னது. உடம்பும் மனசும் அசந்துபோவது ஒன்று. வேலையின் மேல் வெறுப்பும் ஒட்டாத்தன்மையும் வருவது இன்னொன்று. ‘என்னால் முடியவில்லை, நான் லாயக்கில்லை’ என்று தோன்றுவது மூன்றாவது.

அந்த மூன்றாவதைப் படித்தபோது கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தன்மேல் வருகிற சந்தேகம் என் பிறவிக் குணம், கிராமத்திலிருந்து வந்தவனின் தாழ்வுமனப்பான்மை என்று அதுவரை கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது ஒரு வேலையிடத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. என் அனுபவத்தில், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்த மூன்றும் வரிசை மாறி வருகின்றன. மூத்தவர்கள் முதலில் களைத்துப் பிறகு சந்தேகப்படுகிறார்கள். எங்களுக்குச் சந்தேகம் முதல் வாரமே வந்துவிடும். அதை மறைக்க ராத்திரி வேலை. ராத்திரி வேலையால் களைப்பு. களைத்த மூளையில் தவறு கூடும், சந்தேகம் உறுதியாகும். வெறுப்பு கடைசியாகத்தான் வரும். வரும்போது அது நிம்மதி மாதிரிகூட இருக்கும்.

1978-இல் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், நன்றாகச் சாதித்த பெண்கள் பலர் ‘நான் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் மாட்டிக்கொள்வேன்’ என்ற பயத்தோடு வாழ்வதைப் பற்றி எழுதினார்கள். இன்று ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்று எல்லோர் வாயிலும் புழங்குவது அதுதான். அவர்கள் சிண்ட்ரோம் என்று சொல்லவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பின்னால் வந்தவர்கள் அதை ஒருவித வியாதியாக்கி, வியாதிக்காரன் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஆயிரம் பேர் ஒரே அலுவலகத்தில் ஒரே பயத்தோடு உட்கார்ந்திருந்தால் ஆயிரம் பேருக்கும் மனசு சரியில்லை என்று சொல்வதா, அந்தக் கட்டடத்தில் ஏதோ சரியில்லை என்று சொல்வதா?

என் சித்தப்பா மகளைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் விளங்கும். தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2021-இல் வந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும் என்று அறிவித்தார்கள். அந்த முதல் வருஷத்து மாணவி அவள். 2012-இல் தொடங்கிய போடி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து 2025-இல் வெளியே வந்தாள். எங்கள் வீட்டில் அவளுக்கு முன்னால் பட்டம் வாங்கியது நான் ஒருத்தன்தான், அதுவும் கடன் வாங்கி. ஜாமீன் இல்லாமல் நாலு லட்சம் வரை கல்விக் கடன் கொடுப்பார்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை தொடங்கும். அதாவது ஒருத்தன் வேலையில் மிக மிகக் குழம்பிப்போயிருக்கும் மாதத்தில் வங்கியிலிருந்து முதல் குறுஞ்செய்தி வரும். கடனும் இல்லாமல் படித்தவள் என்பதால் இவளுக்கு எங்களைவிடப் பாரம் குறைவு என்று நினைத்தேன். தப்பு. “ஊரே ஃபிளெக்ஸ் வச்சுருச்சுண்ணே. இப்பப் போயி எனக்குப் புரியலன்னு எப்பிடிச் சொல்ல?” என்றாள்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நம் நாட்டுப் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் விற்பது ஆட்களின் நேரத்தை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒவ்வொரு தலைக்கும் மணிக்கணக்கில் பில் போகிறது. மேலே சில மூத்தவர்கள், கீழே நிறையப் புதியவர்கள். இந்தப் பிரமிடு அடியில் அகலமாக இருந்தால்தான் லாபம் நிற்கும். புதியவன் கற்றுக்கொள்கிற நாள் பில் ஆகாத நாள். டி.சி.எஸ். 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி ஒருவர் வருஷத்துக்கு 225 நாளாவது பில் ஆகிற வேலையில் இருக்க வேண்டும், வேலையில்லாமல் பெஞ்சில் இருப்பது 35 நாளைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆறரை லட்சம் என்று சொல்லித் தேர்ந்தெடுத்த புதியவர்களிடம் மூன்றரை லட்சத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டது. இன்ஃபோசிஸ் 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்திலிருந்து, மூன்று முறை வாய்ப்புக் கொடுத்தும் உள்தேர்வில் தேறவில்லை என்று முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை அனுப்பியது. அவர்களில் பலர் 2022-இல் ஆஃபர் வாங்கி, சேரச் சொல்லும் மின்னஞ்சலுக்காக இரண்டு வருஷத்துக்கும் மேல் காத்திருந்தவர்கள். அந்த நிறுவனங்களுக்கு அதற்கான நியாயங்கள் இருக்கும். நான் சொல்ல வருவது வேறு. விஷயம் தெரிந்த ஆள் என்று வாடிக்கையாளரிடம் விற்கப்பட்டவன் வாயால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னால் சரக்கில் குறை என்று ஆகிவிடும். அதனால்தான் யாரும் தடை போடாமலேயே அந்த வார்த்தை அலுவலகத்தில் செத்துப்போகிறது. ‘தயங்காம கேளுங்க’ என்று குழுவின் லீட் மனசாரத்தான் சொல்கிறார். அவருக்கும் பதில் சொல்ல நேரம் ஒதுக்கப்படவில்லை. அவருடைய டைம்ஷீட்டில் ‘ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்தேன்’ என்று எழுத ஒரு கட்டம் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றைப் பார்க்க நான் அதிக தூரம் போகவில்லை. எங்கள் தோட்டத்துக்குப் போனேன்.

கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரியாற்றுத் தண்ணீரும் மலைக் காற்றும் சேர்ந்து, வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கிற ஊர்கள் இவை. ஆனால் கொடி தானாகக் காய்ப்பதில்லை. கவாத்து வெட்ட வேண்டும். வெட்டி ஏறக்குறைய 120 நாளில் பழம். எந்தக் குச்சியை எத்தனை கணு விட்டு வெட்டுவது என்பதில்தான் அந்தப் போகமே இருக்கிறது. தப்பாக வெட்டினால் நாலு மாதம் கழித்துத்தான் தெரியும். மென்பொருளிலும் அப்படித்தான், புரொடக்‌ஷனில் போய் வெடிக்கும்.

ஊரில் இருந்த ஒரு மாதத்தில் எங்கள் தோட்டத்துக் கவாத்துக்காரரோடு பந்தலுக்கு அடியில் சுற்றினேன். அறுபது வயசுக்காரர். நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன், சொந்தம் இல்லை. அவரோடு பழக வந்த ஒரு பையன் இருந்தான். முதல் நாள் அவன் கையில் கத்தரியே இல்லை. வெட்டிப் போட்ட குச்சியைப் பொறுக்கினான். பொறுக்கும்போது, “இது ஏன் வெட்டுனாக?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரு மணி நேரத்தில் ஐம்பது தடவை கேட்டிருப்பான். பெரியப்பா சலிக்கவில்லை என்று சொன்னால் பொய். “வாயில என்னடா ரேடியோவா இருக்கு?” என்று திட்டினார். ஆனால் ஒவ்வொரு திட்டுக்கும் பின்னால் பதிலும் வந்தது. நான் ஒரு குச்சியைக் காட்டி இதில் எத்தனை கணு விடுவீர்கள் என்று கேட்டேன். மெலிந்த குச்சி.

“இதுவா? ஒண்ணு, ரெண்டு கணு விட்டு நறுக்கிப்புடணும் தம்பி.”

“காய்க்காதே?”

“இந்தப் போகத்துக்கு இது காய்க்க வேணாம். வளந்தாப் போதும். இதுலயும் காயி வேணுமின்னு கணுவ நீட்டி விட்டா, காயும் ஒழுங்கா வராது, குச்சியும் தேறாது.”

மனிதனைச் செடிகொடியோடு ஒப்பிட்டு எழுதுகிற கட்டுரைகள் எனக்குப் பிடிக்காது. திராட்சை ஊர்க்காரன் என்ற சலுகையில் இந்த ஒரு முறை மன்னித்துவிடுங்கள். தோட்டக்காரர்கள் கருணையால் இதைச் செய்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அடுத்த போகத்துக் கணக்கு அது. அந்தக் கணக்காவது போடுகிறார்கள். அறுவடை முடிந்த கொடிக்குக் கொஞ்ச நாள் ஓய்வு விடுவதும் அந்தக் கணக்கில்தான். மழைக் காலத்தில் செவட்டை நோய் விழுந்தால் கொடிக்கு மன உறுதி போதவில்லை என்று யாரும் சொல்வதில்லை. இலையைத் திருப்பிப் பார்ப்பார்கள், மருந்தடிப்பார்கள், ஈரம் எங்கே நிற்கிறது என்று தேடுவார்கள். எங்கள் அலுவலகத்திலோ வேலைப் பளு கூடிய மாதத்தில் எல்லோருக்கும் யோகா வெபினார் வைத்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

கற்றுக்கொள்கிற காலத்துக்கும் சம்பளம் கொடுப்பது மென்பொருள் தொழிலில் நடக்காத காரியம் இல்லை. ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ, பள்ளி முடித்த பிள்ளைகளை எடுத்துக் கட்டணம் வாங்காமல், மாதம் உதவித்தொகை கொடுத்து இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்து வேலையில் வைத்துக்கொள்கிறது. இருபது வருஷமாக நடக்கிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் நடக்கிறது. அது சொந்தப் பொருள் விற்கிற கம்பெனி, மணிக்கணக்கில் ஆளை விற்பதில்லை. கற்றுக்கொள்ளும் பையனின் ஒரு நாள் அங்கே யாருடைய பில்லிலும் ஓட்டை போடாது. ஸோஹோவுக்குப் போனால் யாரும் களைக்க மாட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

2023-இல் இன்ஃபோசிஸின் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் அதை 90-க்குக் கொண்டுபோனார். இரண்டுக்கும் நடுவில், 2024 ஜூலையில், அன்னா செபாஸ்டியன் என்ற 26 வயதுப் பட்டயக் கணக்காளர் புனேயில் வேலைக்குச் சேர்ந்த நான்கே மாதத்தில் இறந்துபோனார். வேலைப் பளுதான் காரணம் என்று அவருடைய அம்மா நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடு முழுக்கப் பேச்சானது. அதே செப்டம்பரில் சென்னையில் வேலை அழுத்தத்தோடு தொடர்புபடுத்திச் செய்தி வந்த ஒரு மென்பொருள் ஊழியரின் மரணம், எங்கள் தேனி மாவட்டத்துக் குடும்பம் ஒன்றின் இழப்பு. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு அம்மா மூன்று தடவை போன் பண்ணினாள். சாப்பிட்டியா என்று மட்டும்தான் மூன்று தடவையும் கேட்டாள்.

நான் எப்படி மீண்டேன் என்று கேட்டால் சீராகச் சொல்ல ஒன்றும் இல்லை. முதலில் உடம்புதான் காட்டிக்கொடுத்தது. தூக்கம் போச்சு, பிறகு சாப்பாடு. ஊருக்கு வந்தபோது க.விலக்கில் இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போனேன். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று தொப்பி போட்டுக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் நின்றார். அவரும் தொப்பி. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டோம். ராத்திரியில் பேச யாராவது வேண்டுமென்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழில் பேசலாம், காசு இல்லை. பர்ன் அவுட் நோய் இல்லை என்றாலும் அது போய் நிற்கிற மனச்சோர்வு நோய்தான், அதற்கு வைத்தியம் உண்டு. இதை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

பிறகு ஒரு நோட்டு போட்டேன். இடது பக்கம் ‘எனக்குத் தெரியாதது’, வலது பக்கம் ‘எனக்குச் சொல்லப்படாதது’. அதுவரை எல்லாம் இடது பக்கத்துக் கணக்கு என்று நினைத்திருந்தேன். ஒரு வாரத்தில் வலது பக்கம் மூன்று தாள் நிறைந்தது. சர்வர் முகவரி, பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, அந்த வங்கியில் ‘குளோஷர்’ என்று எதைச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அறிவு இல்லை, தகவல். அதைக் கேட்க எனக்கு வெட்கம் குறைந்தது. இடது பக்கமும் சும்மா இல்லை. எனக்கு எஸ்.க்யூ.எல். உண்மையிலேயே வராது. அதை உட்கார்ந்து படித்தேன், ஆறு வாரம் ஆனது. சந்தேகத்தில் பாதி நியாயமான சந்தேகம் என்பதை ஒத்துக்கொண்ட பிறகுதான் மீதிப் பாதி பொய் என்று கண்ணுக்குத் தெரிந்தது.

சட்டம் என்று ஒன்று இருப்பதும் தாமதமாகத்தான் தெரிந்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஐச் சேர்ந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடை இல்லை என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. எங்கள் அலுவலக மாடியில் இருந்த இருநூறு பேரில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கிறீர்கள்? டீம்ஸில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி அணையாமல் இருக்க மவுஸை எப்படி ஆட்டிக்கொண்டே இருப்பது என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

சிரிக்கவும் செய்தோம், அதையும் சொல்ல வேண்டும். 2023 மே மாதக் கடைசியில் அரிசிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் ஓடியது ஞாபகம் இருக்கும். 144 போட்டார்கள். பிறகு அது எங்கள் ஊர்ப் பக்கம் காட்டோரமாகச் சுற்றியது. நான் அந்த வாரம் வீட்டிலிருந்து வேலை. கரண்ட் போய் நெட்டும் போக, போனிலிருந்து குழுவுக்குச் செய்தி போட்டேன்: ஊருக்குள் யானை, ஸ்டாண்ட்-அப்புக்கு வர முடியாது. கொஞ்ச நேரத்தில் லீடிடமிருந்து பதில் வந்தது: “ஓகே. யானை எப்போது போகும் என்று ஈ.டி.ஏ. உண்டா?” மனுசன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஜூன் 5-ஆம் தேதி வனத்துறை அதைப் பிடித்த அன்று, ‘பிளாக்கர் ரிசால்வ்டு’ என்று நான் பதில் போட்டேன். நான் அந்த அலுவலகத்தில் முதன்முதலாக ஒப்புக்கொண்ட தடை அந்த யானைதான்.

நான் இப்போது அந்த வேலையில் இல்லை. விட்டது சரியா தப்பா என்பது இன்னொரு கட்டுரை. கடன் கட்டி முடிந்த பிறகு விட்டேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ‘பிடிக்கலன்னா விட்டுட்டு வாங்க’ என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் யாருக்கும் வீட்டில் தவணை இருந்ததாகத் தெரியவில்லை.

போன வியாழக்கிழமை சித்தப்பா வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. கீழே அப்பத்தா உலர்ந்த மல்லியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அவள் ஒரே டிக்கெட்டில், அதாவது ஒரே வேலையில், நின்றுபோயிருந்தாள். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். பார்த்தேன். எனக்கும் புரியவில்லை, சொன்னேன். “உனக்கே புரியலையாண்ணே?” என்று அவள் கேட்டதில் ஏமாற்றத்தைவிட நிம்மதிதான் கூட இருந்தது.

“கேட்டுரு” என்றேன்.

லீடுக்கு எழுதினாள். அழித்தாள். ‘சாரி டு டிஸ்டர்ப்’ என்று தொடங்கினாள், அதையும் அழித்தாள். கடைசியில், இந்த இடம் வரை பார்த்தேன், இதற்கு மேல் புரியவில்லை, பத்து நிமிடம் காட்ட முடியுமா என்று போய்ச் சேர்ந்தது. அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்துப் போட்டாள். “அனுப்பிட்டியாத்தா?” என்று கீழேயிருந்து அப்பத்தா. அவளுக்கு என்ன புரிந்ததோ.

கால்மணி நேரம் கழித்து பதில் வந்தது. விளக்கம் இல்லை, ஒரே ஒரு லிங்க். எல்லாம் இதில் இருக்கிறது, படித்துப் பார். அவள் தொட்டாள். திரையில் வந்தது: இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை.

இரண்டு பேரும் ஒரு நொடி அதையே பார்த்தோம். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. துடைத்துக்கொண்டே, என்னைப் போல அவளும் போட்டிருந்த நோட்டை எடுத்து வலது பக்கத்தில் அதை எழுதினாள். அப்புறம் லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்து, அடுத்த செய்தியை அடிக்கத் தொடங்கினாள்: “ஆக்சஸ் இல்லை. யாரிடம் கேட்க வேண்டும்?” இந்தத் தடவை அழிக்கவில்லை.